டேட்டாபேஸ் ஃபைல் திறக்கவில்லையா? ரிப்பேர் பட்டனைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள்!

இதை நீங்கள் மொபைலில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால், இந்த வாரம் நாம் பேசப்போவது, கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலோ வீட்டு மூலையிலோ இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைப் பற்றி.

ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், அளவுகள், கொடுத்த அட்வான்ஸ், டெலிவரி தேதி என எல்லாமே ஒரு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைலில் இருக்கின்றன. பல வருடங்களுக்கு முன் கம்ப்யூட்டர் படித்த, தெரிந்த பையன் ஒருவர் செய்துகொடுத்தது. அவர் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறார். தீபாவளிக்கு இன்னும் 12 நாள்தான். காலையில் ஃபைலைத் திறந்தால், 'அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மட்' என்று ஒரு பெட்டி வருகிறது. அவ்வளவுதான். யார் துணி எது, யார் எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது.

தையல் கடைக்குப் பதிலாக மருந்துக் கடை, அரிசி மண்டியின் கடன் கணக்கு, அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் வசூல், பள்ளி நூலகப் பட்டியல் என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கதை ஒன்றுதான்.

இந்த நேரத்தில் பலரும் செய்வது இதைத்தான். ஃபைலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார்கள். கண்ணில் பட்ட ரிப்பேர் பட்டனை அழுத்துவார்கள். இணையத்தில் தேடி, ஏதோ ஒரு ரிகவரி சாஃப்ட்வேரை இறக்கி அதே கம்ப்யூட்டரில் போடுவார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய டேட்டா கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்தப் பதற்றத்தில்தான். எனவே, முதல் விதி ஒன்றே ஒன்று: முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர்.

ஏன் என்று பார்ப்போம்.

ஃபைல் எப்படிப் பழுதாகிறது?

ஆக்சஸ் 1992-ல் வெளிவந்த மென்பொருள். இதற்கென்று தனியாக சர்வர் வேண்டாம், பெரிய செலவு வேண்டாம். டேபிள், ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலுக்குள் அடங்கிவிடும். 2003 பதிப்புவரை அந்த ஃபைல் பெயரின் கடைசியில் 'எம்டிபி' என்று இருக்கும், 2007-லிருந்து 'ஏசிசிடிபி'. சிறிய கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இது பிடித்துப்போனதற்கு அந்த எளிமைதான் காரணம். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

வங்கி போன்ற பெரிய இடங்களில், டேட்டாபேஸ் ஃபைலை ஒரு சர்வர் புரோகிராம் மட்டும்தான் தொடும். மற்ற கம்ப்யூட்டர்கள் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆக்சஸில் அப்படி ஒரு காவல்காரர் கிடையாது. நெட்வொர்க்கில் மூன்று கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தினால், மூன்றுமே நேராக அந்த ஃபைலுக்குள் கைவைத்து எழுதும். ஒன்று பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனாலோ, வைஃபை ஒரு நொடி விட்டுப்போனாலோ, கம்ப்யூட்டர் ஹேங் ஆகி யாராவது பவர் பட்டனை அழுத்தினாலோ, ஃபைலுக்குள் ஒரு பக்கம் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிடும். அடுத்த முறை திறக்கும்போது அந்தப் பாதிப் பக்கத்தில்தான் ஆக்சஸ் தடுக்கி விழுகிறது.

அடிக்கடி வில்லனாக வருபவை இவை:

* யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டர். திடீர் மின்வெட்டு.
* வைஃபை வழியாக ஷேர்டு ஃபைலைத் திறப்பது. பல பேர் பயன்படுத்தும் ஆக்சஸ் ஃபைலுக்கு லேன் கேபிள்தான் சரி.
* ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி தானாக சிங்க் ஆகும் ஃபோல்டருக்குள் ஃபைலை வைத்து வேலை செய்வது. இந்தச் சேவைகள் ஃபைலைத் தானாக ஏற்றி இறக்குபவை. இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் எழுதினால், இரண்டு வெவ்வேறு ஃபைல்கள் உருவாகும். எது சரி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.
* 2 ஜிபி எல்லை. ஓர் ஆக்சஸ் ஃபைல் அதற்கு மேல் வளர முடியாது. பழைய ரெக்கார்டுகளை அழித்தாலும் ஃபைலின் அளவு குறையாது; காலி இடம் உள்ளேயே தங்கிவிடும். 'காம்பாக்ட்' செய்தால்தான் சுருங்கும்.

முழுதாகப் படுத்துவிடும் முன் சில நேரம் ஃபைலே அறிகுறி காட்டும். ரெக்கார்டு இருக்க வேண்டிய இடத்தில் 'டெலிட்டட்' என்று வரும். பெயர் இருந்த கட்டத்தில் சீன எழுத்து மாதிரி ஏதோ தெரியும். ஒரு குறிப்பிட்ட ரெக்கார்டுக்குப் போனால் மட்டும் புரோகிராம் மூடிக்கொள்ளும். 'இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்' என்று எச்சரிக்கை வரும். இதில் எது வந்தாலும், 'இப்போதைக்கு ஓடுதே' என்று மேலே மேலே பில் போடாதீர்கள். அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

முதல் பத்து நிமிடம்

1. எல்லோரையும் வெளியேற்றுங்கள். அந்த ஃபைலை எத்தனை கம்ப்யூட்டரில் திறந்திருந்தாலும் அத்தனையிலும் மூடச் சொல்லுங்கள்.

2. காப்பி எடுங்கள். ஃபைலை மட்டுமல்ல, அது இருக்கும் ஃபோல்டரையே முழுதாக ஒரு பென் டிரைவுக்கோ வேறு கம்ப்யூட்டருக்கோ காப்பி செய்யுங்கள். பழுதான ஃபைலைப் போய் யாராவது காப்பி எடுப்பார்களா என்று தோன்றும். எடுக்க வேண்டும். இன்றைய தேதியில் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

3. அந்தக் காப்பிக்கு 'தொடாதே' என்று பெயர் வையுங்கள். அதிலிருந்து இன்னொரு காப்பி எடுத்து, எல்லாப் பரிசோதனையையும் இந்த இரண்டாவது காப்பியில் மட்டும் செய்யுங்கள்.

காப்பி எடுக்கும்போதே பிழைச் செய்தி வருகிறதா? ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' சத்தம் கேட்கிறதா? அப்படியானால் பிரச்னை ஃபைலில் இல்லை, டிஸ்க்கில் இருக்கிறது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டு டேட்டா ரிகவரி தெரிந்தவரிடம் கொடுங்கள். பழுதான டிஸ்க்கை ஓட்ட ஓட்ட நிலைமை மோசமாகும்.

உண்மையிலேயே ஃபைல்தான் பழுதா?

காப்பி பத்திரமாக இருக்கிறது. இனி நிதானமாகப் பார்க்கலாம்.

வேறு ஓர் ஆக்சஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால், கோளாறு உங்கள் டேட்டாவில் இல்லை. ஆபீஸ் மென்பொருளில் இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் ஆபீஸைத் தேர்ந்தெடுத்து, 'சேஞ்ச்' கொடுத்து, 'குயிக் ரிப்பேர்' ஓடவிடுங்கள். இது மென்பொருளை மட்டும்தான் சரிசெய்யும்; உங்கள் ஃபைலைத் தொடாது.

இரண்டாவது காப்பியை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அங்கே திறந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ரிப்போர்ட்டைத் திறக்கும்போது மட்டும் ஆக்சஸ் மூடிக்கொள்கிறதா? பிரின்டர் டிரைவரைச் சந்தேகப்படுங்கள். ஆக்சஸ் ஒரு ரிப்போர்ட்டை வரையும்போது டிஃபால்ட் பிரின்டரிடம் விவரம் கேட்கும். அந்த டிரைவர் கெட்டிருந்தால் ஆக்சஸும் சேர்ந்து விழலாம். டிஃபால்ட் பிரின்டராக 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' என்பதை மாற்றிவைத்துப் பாருங்கள்.

'ஏற்கெனவே யாரோ பயன்படுத்துகிறார்கள்' என்று வந்தால், ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு குட்டி ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் கடைசியில் 'எல்டிபி' அல்லது 'எல்ஏசிசிடிபி' என்று இருக்கும். இது பூட்டு ஃபைல். யார் யார் திறந்திருக்கிறார்கள் என்ற குறிப்பு மட்டும்தான் இதில் இருக்கும். எல்லோரும் வெளியேறியதும் தானாக மறைய வேண்டும். கம்ப்யூட்டர் பாதியில் அணைந்துபோயிருந்தால் தங்கிவிடும். யாருமே ஃபைலைத் திறந்திருக்கவில்லை என்று உறுதியான பிறகு இதை அழிக்கலாம். அழிக்க விடவில்லை என்றால், எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் ஆக்சஸ் இன்னும் பின்னணியில் ஓடுகிறது என்று அர்த்தம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'பக்கத்தில் இருக்கும் குட்டி ஃபைலை அழித்தால் சரியாகிவிடும்' என்று இதை எல்லா மென்பொருளுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். பல சிறிய பில்லிங் மென்பொருள்களுக்குள் 'எஸ்க்யூலைட்' என்ற டேட்டாபேஸ் இருக்கும். அதன் பக்கத்தில் 'ஜர்னல்', 'வால்' என்று முடியும் ஃபைல்கள் இருந்தால், கடைசியாக நடந்த வேலைகள் அவற்றுக்குள் இருக்கலாம். அவற்றை அழித்தால் டேட்டாவையே அழித்த மாதிரி. ஃபோல்டரையே காப்பி எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இப்போது ரிப்பேர்

ஃபைல்தான் பழுது என்று தெரிந்துவிட்டால், ஆக்சஸை மட்டும் தனியாகத் திறங்கள்; எந்த ஃபைலையும் திறக்க வேண்டாம். 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பகுதியில் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் டேட்டாபேஸ்' என்று இருக்கும். அதை அழுத்தினால் எந்த ஃபைல் என்று கேட்கும். உங்கள் இரண்டாவது காப்பியைக் காட்டுங்கள்.

இந்த வசதி நல்லதுதான். பல நேரம் இதோடு வேலை முடிந்துவிடும். ஆனால், இது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். படிக்க முடிந்ததையெல்லாம் புதிதாக எழுதும்; அதைப் பழைய ஃபைலின் இடத்திலேயே வைத்துவிடவும் கூடும். படிக்க முடியாத ரெக்கார்டுகளை விட்டுவிடக்கூடும். பழுதான டேபிள்களில் கொஞ்சம் டேட்டா வெட்டுப்படலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே எச்சரிக்கிறது. உங்களிடம் ஒரே ஃபைல்தான் இருந்து, அதன்மேலேயே இதை ஓட்டியிருந்தால், விடுபட்ட ரெக்கார்டுகளை வேறு வழியில் மீட்கும் வாய்ப்பும் போய்விடும். 'முதலில் காப்பி' என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ரிப்பேர் முடிந்ததும் ஃபைல் திறந்துவிட்டது என்று கொண்டாட வேண்டாம். 'எம்சிஸ்காம்பாக்ட்எரர்ஸ்' என்ற பெயரில் புதிதாக ஒரு டேபிள் முளைத்திருக்கிறதா பாருங்கள். எதைச் சரிசெய்ய முடியவில்லை என்று ஆக்சஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. பிறகு எண்ணிக்கையைச் சரிபாருங்கள். நமது தையல் கடை உதாரணத்தில், கடைசியாகக் கொடுத்த ரசீது நம்பர் 4,310 என்றால், ஃபைலிலும் 4,310 இருக்கிறதா? நடுவில் நம்பர்கள் விட்டுப்போயிருக்கின்றனவா? விடுபட்டவற்றைக் காகித ரசீது புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்து இன்றே ஏற்றிவிட முடியும். ஒரு மாதம் கழித்து, 'அண்ணே, நான் 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேனே' என்று ஒருவர் வந்து நிற்கும்போது கண்டுபிடித்தால், பணமும் போகும், பேரும் போகும்.

ரிப்பேரும் கைவிட்டால் அடுத்த வழி, புதிதாக ஒரு காலி டேட்டாபேஸ் உருவாக்குவது. அதில் 'எக்ஸ்டர்னல் டேட்டா' வழியாக, பழுதான காப்பியிலிருந்து டேபிள்களை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்யுங்கள். மொத்தமாக எடுத்தால் ஒரு கெட்ட டேபிள் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். ஒவ்வொன்றாக எடுத்தால், பழுது ஒரே ஒரு டேபிளில் என்பது தெரியவரும், மற்றவை பிழைத்துக்கொள்ளும். ஃபைல் திறக்கும்போதே ஏதோ ஃபார்ம் ஓடி மூடிக்கொள்கிறது என்றால், ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஃபைலைத் திறங்கள். தானாக ஓடும் வேலைகளைத் தாண்டி உள்ளே போகலாம்.

இதற்கும் அசையவில்லையா? ஃபைல் இருந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' பாருங்கள். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி போன்ற வசதியை யாராவது முன்பே இயக்கிவைத்திருந்தால் பழைய பதிப்பு கிடைக்கும்.

கிராஷ் ஆகாமலே காணாமல்போனால்?

வேர்டிலோ எக்செல்லிலோ தப்பாக ஏதாவது செய்துவிட்டால், சேவ் செய்யாமல் மூடித் தப்பிக்கலாம். ஆக்சஸில் அது நடக்காது. ஒரு ரெக்கார்டைத் திருத்தும்போது இடது ஓரத்தில் ஒரு பென்சில் படம் தெரியும். அந்தப் பென்சில் இருக்கும்வரை 'எஸ்கேப்' அழுத்தி மீளலாம். அடுத்த ரெக்கார்டுக்கு நகர்ந்துவிட்டால், அது ஃபைலில் எழுதப்பட்டுவிட்டது. அதே மாதிரி, 'டெலிட் செய்யலாமா?' என்ற கேள்விக்கு 'யெஸ்' கொடுத்த ரெக்கார்டுக்கு 'அன்டூ' கிடையாது. கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இது.

முழு ஃபைலையே யாராவது அழித்துவிட்டால், முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். நெட்வொர்க்கில் இருந்த ஃபைல் என்றால் உங்கள் கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது. மீட்கும் மென்பொருளை, ஃபைல் இருந்த அதே டிரைவில் இன்ஸ்டால் செய்யாதீர்கள். அழிந்த ஃபைல் இருந்த இடத்தின்மேலேயே அது எழுதிவிடலாம். எஸ்எஸ்டி டிரைவ்களில் அழித்த ஃபைலை மீட்பது இன்னும் கடினம்.

லிப்ரே ஆபீஸ் பேஸ் பயன்படுத்துகிறீர்களா?

காசு இல்லாமல் கிடைப்பதால் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதன் குணம் ஆக்சஸுக்கு நேர் எதிர். 'ஓடிபி' என்று முடியும் இந்த ஃபைல், உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. டேட்டாபேஸை அதற்குள்ளேயே வைத்திருந்தால், ரெக்கார்டைச் சேர்த்தது மட்டும் போதாது. முழு ஃபைலையும் சேவ் செய்ய வேண்டும். அதற்குள் கிராஷ் ஆனால், கடைசி சேவுக்குப் பிறகு ஏற்றியதெல்லாம் போகலாம். எனவே, பத்து ரெக்கார்டுக்கு ஒருமுறை சேவ் பட்டனை அழுத்தும் பழக்கம் வேண்டும்.

பேஸ் ஃபைல் திறக்கவே இல்லை என்றால், வழக்கம்போல ஒரு காப்பி எடுத்து, அந்தக் காப்பியின் பெயர் முடிவை 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே 'டேட்டாபேஸ்' என்ற ஃபோல்டரும் அதற்குள் ஃபைல்களும் இருந்தால் நம்பிக்கை இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் மீட்டுவிட வாய்ப்புண்டு.

பேக்கப் இருக்கிறது என்பது போதாது

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் ஃபோல்டரை, ஓர் இன்ஜினீயர் தவறுதலாக முக்கிய சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால், தினசரி பேக்கப் வேலையே செய்யவில்லை. அது தோல்வியடைகிறது என்று அனுப்பப்பட்ட எச்சரிக்கை மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்திருந்த ஒரு பிரதிதான் கடைசியில் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். நடந்ததை அந்த நிறுவனம் மறைக்காமல் முழுதாக வெளியிட்டது.

அவர்களிடம் பெரிய சர்வர்களும் சம்பளம் வாங்கும் நிபுணர்களும் இருந்தார்கள். பேக்கப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம்தான் இல்லை. கடைக் கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்தான். இந்த வார இறுதியில் அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் செய்துவிடுங்கள்:

* தினமும் கடை மூடும்போது, எல்லோரும் ஆக்சஸை மூடிய பிறகு, ஃபைலைத் தேதிப் பெயரில் காப்பி எடுங்கள். திறந்திருக்கும்போது எடுக்கும் காப்பி முழுமையாக இருக்கும் என்று நம்ப முடியாது. பழைய காப்பியின் மேலேயே எழுதாமல், குறைந்தது ஏழு நாள் காப்பிகளையாவது வைத்திருங்கள். பழுது இன்றுதான் தெரியவந்தது என்பதற்காக, அது இன்றுதான் வந்தது என்று சொல்ல முடியாது.
* ஒரு காப்பி கம்ப்யூட்டரில், ஒன்று வெளியே எடுத்துவைக்கும் டிஸ்க்கில், ஒன்று வேறு இடத்தில். கூகுள் டிரைவில் ஏற்றிவைக்கலாம். ஆனால், அங்கே வைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காதீர்கள். ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.
* மாதம் ஒருமுறை, ஒரு பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசி பில் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.
* ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், ஃபைலை இரண்டாகப் பிரியுங்கள். ஆக்சஸிலேயே இதற்கு வசதி உண்டு. டேபிள்கள் மட்டும் ஒரு ஃபைலாகப் பொது இடத்தில் இருக்கும். ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் தனி ஃபைலாக ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இருக்கும். ஒருவருடைய ஃபார்ம் கெட்டால் மற்றவர் வேலை நிற்காது.
* கம்ப்யூட்டருக்கு ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். ஏற்கெனவே இருந்தால், அதன் பேட்டரி இன்னும் தாங்குகிறதா என்று பாருங்கள்.
* டேட்டாபேஸைச் செய்துகொடுத்தவரின் போன் நம்பர், பாஸ்வேர்டு, ஃபைல் இருக்கும் இடம் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.

'எங்கள் வீட்டில் டெஸ்க்டாப்பே இல்லையே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் கான்டாக்ட்ஸும் வாட்ஸ்அப் மெசேஜ்களும் இருப்பது மேலே சொன்ன எஸ்க்யூலைட் டேட்டாபேஸில்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்' போய், கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று இப்போதே பாருங்கள். போன வருடத் தேதி காட்டினால், இதைப் படித்து முடித்ததும் அங்கேயே இருக்கும் பேக்கப் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுங்கள்.